பிடிக்காத பெண்ணும் கைவிட முடியாத கதையும்

(மசினகுடி அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வழக்காடு மர்மக் கதையில் குற்றம் பெரும்பாலும் முதல் பக்கத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பிணம் எடுக்கப்பட்டுவிட்டது, கத்தியோ துப்பாக்கியோ சான்றுப் பொருளாகி எண் ஒட்டப்பட்டுவிட்டது, குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது. மிச்சமிருப்பது பேச்சுதான். சாட்சி சொல்வதும், குறுக்கு விசாரணையில் அது குலைவதும், நீதிபதி குறிப்பெடுப்பதும், தீர்ப்பு வருவதுமே கதையின் நிகழ்ச்சிகள். துப்பறியும் கதையில் வாசகர் துப்பறிவாளனுக்குப் பின்னால் நடக்கிறார். வழக்காடு கதையில் அவருக்குக் கிடைப்பது நீதிபதியின் நாற்காலி. அந்த நாற்காலியின் முன் கதாசிரியர் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அவள் குற்றம் சாட்டப்பட்டவளாக இருக்கலாம், சாட்சியாக இருக்கலாம், கறுப்பு அங்கி போட்ட வழக்கறிஞராகவும் இருக்கலாம். முகம் கொடுத்துப் பேசமாட்டாள். பொய் சொல்வாள். அழவேண்டிய இடத்தில் அழமாட்டாள். உதவ வந்தவரையும் எடுத்தெறிந்து பேசுவாள். அவளைப் பிடிக்கவில்லை என்று வாசகர் பத்தாம் பக்கத்திலேயே முடிவு செய்துவிடுகிறார். ஆனாலும் விடிய விடியப் படிக்கிறார்.

இப்படிப்பட்ட கதையில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இவள் செய்தாளா என்பது ஒன்று, இவள் நல்லவளா என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சாட்சியம் வேண்டும். இரண்டாவதற்குச் சாட்சியமே வேண்டாம், ஒரு பார்வை போதும். இரண்டாவது கேள்வியின் விடையை முதலாவது கேள்வியின் விடையாக எடுத்துக்கொள்வது மனித மனத்தின் பழைய வழக்கம். தேர்ந்த கதாசிரியர் அந்த வழக்கத்தையே தன் மூலப்பொருளாக்குகிறார். வாசகர் தன்னை அறியாமல் எழுதிவிட்ட தீர்ப்பை, கதையின் கடைசிப் பகுதி அவர் கையிலிருந்தே பிடுங்கிக் காட்டுகிறது. இந்த வகைக் கதையின் உண்மையான இன்பம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

தமிழில் இதற்கு மிகப் பழைய சான்று பழையனூர் நீலியின் கதை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதைக்கு ஞானசம்பந்தரின் தேவாரத்திலேயே குறிப்பு உண்டு. சேக்கிழார் வரலாற்றைச் சொல்லும் நூலிலும் இது இடம்பெறுகிறது. தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டாக இன்றும் பாடப்படுகிறது. வடிவங்கள் பல. ஒரு வடிவத்தில் பழி ஒரு பிறவியிலேயே முடிகிறது, மற்றொன்றில் இரண்டு பிறவிகள் தாண்டிப் போகிறது. எல்லா வடிவங்களிலும் நடுவில் இருப்பது ஒரு வழக்கு விசாரணை.

வணிகன் ஒருவன் தன்னை நம்பிய பெண்ணைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிப் பழி வாங்கத் தொடர்கிறாள். அவனிடம் மந்திரம் ஏற்றிய கத்தி இருப்பதால் அவளால் நெருங்க முடியவில்லை. அவன் பழையனூருக்குள் ஓடி ஊர் மன்றத்தில் தஞ்சம் புகுகிறான். அவளும் பின்னாலேயே வருகிறாள். பேயாக அல்ல, கணவனால் கைவிடப்பட்ட இளம் மனைவியாக வருகிறாள். இடுப்பில் ஒரு குழந்தை. அது கள்ளிக் கொம்பை ஒடித்து அவள் ஆக்கிய குழந்தை. வேளாளர் எழுபது பேர் கூடியிருக்கும் மன்றத்தில் அவள் முறையிடுகிறாள்: இவர் என் கணவர், ஏதோ கோபத்தில் என்னை விட்டு ஓடுகிறார். அவன் அலறுகிறான், இது பெண்ணல்ல, பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறது என்கிறான். பெரியவர்கள் ஒரு சோதனை வைக்கிறார்கள். குழந்தையைக் கீழே இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேராக அவனிடம் போய் அப்பா என்று ஒட்டிக்கொள்கிறது. மன்றத்துக்கு அதற்கு மேல் சான்று தேவைப்படவில்லை. கத்தியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்கிச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள்.

இந்தக் கதையைப் பெரும்பாலும் வேளாளரின் வாக்குத் தவறாமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அந்தப் பெருமை உண்மைதான். ஆனால் வழக்காடு கதையாகப் படித்தால் இதன் கட்டமைப்பு வியப்பூட்டுகிறது. மன்றத்தில் உண்மை சொன்னவன் கொலைகாரன். பொய் சொன்னவள் கொலையுண்டவள். அவள் கொண்டுவந்த சாட்சியம் கள்ளிக் கொம்பு. ஆனால் அந்தப் பொய்ச் சாட்சியத்துக்கு அடியில் இருக்கும் முறையீடு, அதாவது இவன் எனக்குத் தீங்கு செய்தவன் என்பது, முழு உண்மை. எழுபது பேர் கூடிய மன்றத்தில் ஒருவர்கூடப் பழைய கொலையைப் பற்றி விசாரிக்கவில்லை. கண்ணீரையும் குழந்தையையும் குடும்பப் பெண்ணின் தோற்றத்தையும் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நீலி அவர்களின் கண்ணுக்கு எது பிடிக்குமோ அதுவாக வந்து நின்றாள், வென்றாள்.

கேட்பவரின் நிலை இங்கே நுட்பமானது. மன்றத்துக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். வணிகன் கதறும்போது அவன் சொல்வது உண்மை என்று தெரியும், அவன் அதற்குத் தகுதியானவன் என்பதும் தெரியும். நீலியை அவரால் விரும்ப முடிவதில்லை, அவள் தோற்க வேண்டும் என்று விரும்பவும் முடிவதில்லை. வில்லுப்பாட்டைக் கேட்கும் கூட்டம் அறைக் கதவு சாத்தப்படும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வது இந்த இரண்டு உணர்ச்சிகளும் ஒரே நேரத்தில் இழுப்பதால்தான். சமணர்கள் இந்தப் பெண்ணை விடவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் அவள் பேயுருவை விட்டுத் தர்க்கம் கற்று, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரோடு வாதாடி வெல்பவளாகிறாள். கொலைகாரப் பேய் வாதத்திறன் மிக்கவளாக மாறியது தற்செயல் அல்ல. மன்றத்தில் எப்படிப் பேச வேண்டும் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

நீலிக்கு நேர் எதிராக நிற்பவள் அகதா கிறிஸ்டி படைத்த ரோமெய்ன். அவள் வரும் சிறுகதை 1925-ல் முதலில் இதழில் வெளியானது. 1953-ல் லண்டனில் மேடை நாடகமாகி, 1957-ல் பில்லி வைல்டர் இயக்கத்தில் மார்லின் டீட்ரிச் நடித்த படமாகவும் வந்தது. லெனார்ட் வோல் என்ற இளைஞன் பணக்கார மூதாட்டி ஒருத்தியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்படுகிறான். கொலை நேரத்தில் அவன் வீட்டில் இருந்தான் என்று சொல்லக்கூடியவள் அவனோடு வாழும் ரோமெய்ன் மட்டுமே. அவளோ அரசுத் தரப்புச் சாட்சியாக வந்து அவனுக்கு எதிராகச் சொல்கிறாள். வேற்று நாட்டுக்காரி, குளிர்ந்த குரல், இரக்கமற்ற கண். ஜூரி அவளை வெறுக்கிறது. பிறகு அவள் காதலன் ஒருவனுக்கு எழுதிய கடிதங்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கைக்குக் கிடைக்கின்றன. அவள் சொன்னது பொய் என்று நிரூபணமாகி, வோல் விடுதலையாகிறான். கடைசியில்தான் கடிதங்களை எழுதித் திட்டமிட்டுக் கொடுத்தவளே அவள் என்று தெரிகிறது. அன்பான மனைவி வந்து என்னோடுதான் இருந்தார் என்று சொன்னால் எந்த ஜூரியும் நம்பாது. வெறுக்கத்தக்க பெண் ஒருத்தி பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், அவளுக்கு எதிரே நிற்பவனை நம்பிவிடும். கணக்கு சரியாகப் பலித்தது. அவன் குற்றவாளிதான் என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது கடைசி அடி.

நீலி தன்னைப் பிடிக்கும்படி செய்து வென்றாள், ரோமெய்ன் தன்னைப் பிடிக்காமல் செய்து வென்றாள். பழையனூர் மன்றமும் லண்டன் ஜூரியும் ஒரே இடத்தில் தவறின. இரண்டும் சான்றை விட்டுவிட்டு முகத்தைப் படித்தன. கிறிஸ்டி கதையில் சட்ட நுணுக்கம் ஒன்றும் நன்றாகப் பயன்பட்டிருக்கிறது. சட்டப்படி மனைவியாக இருந்தால் கணவனுக்கு எதிராக அவள் சாட்சி சொல்வதில் அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் தடை உண்டு. ரோமெய்னுக்கு ஏற்கெனவே கணவன் இருந்ததால் வோலுடன் நடந்த திருமணம் செல்லாது. அவளைக் கூண்டில் ஏற்ற வழி திறந்தது அதனால்தான். இந்தியச் சாட்சியச் சட்டத்தில் கணவன் மனைவி இருவருமே தகுதியுள்ள சாட்சிகள். திருமண வாழ்க்கையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை வெளியிடுவதற்குத்தான் கட்டுப்பாடு. தமிழில் இக்கதையைத் தழுவ நினைப்பவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் முதல் விசாரணை நாளிலேயே கதை சட்டப்படி செத்துவிடும்.

பிடிக்காத பெண்ணை நிறுத்திவைத்து வாசகரைச் சோதிக்கும் கதைக்குச் சட்டமே நல்ல அடித்தளம் தருகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் நன்னடத்தையைச் சான்றாக ஏற்றது. கெட்ட நடத்தையை அப்படி ஏற்கவில்லை. நல்லவர் என்று அவர் தரப்பு முதலில் சான்று கொடுத்தால்தான் பதிலுக்கு அரசுத் தரப்பு அதைத் தொடலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இந்த விதிகளைத் தொடர்கிறது. ஒருத்தி கெட்டவள் என்பதால் இந்தக் குற்றத்தையும் செய்திருப்பாள் என்ற வாதத்துக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. அழகான விதி இது. ஆனால் அதே பழைய சட்டம் வன்புணர்ச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. அவள் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தின் நம்பகத்தைக் குலைக்கப் பிரிவு 155-இன் நான்காம் உட்பிரிவு எதிரிக்கு அனுமதி கொடுத்திருந்தது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான் அதை நீக்கியது. நூற்றுமுப்பது ஆண்டுகள் அந்த வரி சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. குற்றவாளியாக நிற்பவரின் கெட்ட பெயர் பேசப்படக் கூடாது, புகார் கொடுத்தவளின் கெட்ட பெயர் பேசப்படலாம் என்பது எவ்வளவு பெரிய அநீதி! 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தீர்ப்புகளிலும் மனுக்களிலும் பெண்களைப் பற்றிப் புழங்கும் முன்முடிவுச் சொற்களைக் களைவதற்கென்றே ஒரு கையேடு வெளியிட வேண்டியிருந்தது. கதைகளில் நாம் வெறுக்கும் பெண்ணுக்கு எதிராக மனம் எழுதும் வாதங்கள் பல அந்தக் கையேட்டில் தவறான வாதங்களாகப் பட்டியலிடப்பட்டுள்ளன.

நிஜ வழக்குகளிலும் இந்த இழுபறி உண்டு. 1952 ஆகஸ்டில் சென்னையில் வியாபாரி ஆளவந்தார் கொல்லப்பட்டு, தலையில்லாத உடல் ரயில் பெட்டிக்குள் இரும்புப் பெட்டியில் கண்டெடுக்கப்பட்ட வழக்கு அன்றைய தமிழ்நாட்டையே உலுக்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஒரு கணவனும் மனைவியும். நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர், அவரே எழுத்தாளரும்கூட. கணவனுக்கு 7 ஆண்டும் மனைவிக்கு 3 ஆண்டும் தண்டனை கிடைத்தது. ஊர்ப் பேச்சில் கொலைக்குச் சமமாக அந்தப் பெண்ணின் பழைய பழக்கமும் அடிபட்டது. அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் நீதிமன்றத்துக்கு வேண்டாதது.

ஊர்ப் பேச்சுக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு மசினகுடிக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. 2021 செப்டம்பர், அக்டோபரில் கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் நான்கு பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி23 புலியைத் தேடி வனத்துறை காடு முழுவதும் அலைந்தது. உறவை இழந்த குடும்பங்களின் கோபமும், மாடு மேய்க்கப் போக முடியாதவர்களின் பயமும் நியாயமானவை. புலியை வேட்டையாட உத்தரவு பிறந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிமன்றம் உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது. கொன்றது இந்தப் புலிதானா என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. அக்டோபர் 15-ஆம் நாள் மயக்க ஊசி போடப்பட்டு அது உயிரோடு பிடிபட்டு மைசூருக்குக் கொண்டுபோகப்பட்டது. ஊரின் தீர்ப்புக்கும் நீதிமன்றத்தின் கேள்விக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை அந்த நாட்களில் இங்கிருந்தவர்கள் அறிவார்கள். வழக்காடு மர்மக் கதை அந்தத் தூரத்தில்தான் நடக்கிறது.

கதையில் வரும் நீதிமன்றத்துக்கும் நிஜ நீதிமன்றத்துக்கும் காலக் கணக்கில் பெரிய வேறுபாடு உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மசினகுடிக்காரருக்கு மாவட்ட நீதிமன்றம் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது. சம்மன் வந்தால் காலை பஸ்ஸைப் பிடித்து மேலே போக வேண்டும், போன பிறகு வாய்தா என்றால் திரும்பி இறங்க வேண்டும். சீகூர் யானை வழித்தட வழக்கில் 2010-ல் அரசாணை, 2011-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2018-ல் விடுதிகளுக்குச் சீல், 2020 அக்டோபர் 14-ல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு, அதற்குப் பிறகும் ஆட்சேபங்களைக் கேட்க ஒரு குழு என்று பத்தாண்டுகளுக்கு மேல் ஓடியது. கதை இதை மூன்று மணி நேரத்தில் அல்லது முந்நூறு பக்கத்தில் சுருக்கிவிடுகிறது. வாய்தாவை வெட்டி எறிந்து, குறுக்கு விசாரணையை மட்டும் வைத்துக்கொள்கிறது. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, கலையின் சுருக்கம் இது. ஆனால் காத்திருப்பு மனிதரை என்ன செய்கிறது என்பதைத் தமிழ் வழக்காடு கதைகள் அநேகமாக எழுதாமல் விட்டிருப்பது குறைதான்.

நீலகிரியையே களமாகக் கொண்ட வழக்காடு மர்மக் கதை பொன்மகள் வந்தாள். ஜே. ஜே. ஃபிரெட்ரிக் இயக்கி, சூர்யாவின் 2டி நிறுவனம் தயாரித்த இந்தப் படம் 2020 மே 29-ல் திரையரங்குக்குப் போகாமல் நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. திரையரங்கு உரிமையாளர்களின் எதிர்ப்பையும் சந்தித்தது. 2004-ல் உதகையில் சிறுமிகளைக் கடத்திக் கொன்றதாகச் சொல்லப்பட்டுக் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியான ஜோதி என்ற வடநாட்டுப் பெண்ணின் வழக்கைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு பெட்டிஷன் பெத்துராஜும் அவர் மகள் வெண்பாவும் மீண்டும் திறக்கிறார்கள். பாக்யராஜ் பெத்துராஜ், ஜோதிகா வெண்பா, எதிர்த்தரப்பு வழக்கறிஞராகப் பார்த்திபன், நீதிபதியாகப் பிரதாப் போத்தன். செத்துப்போன ஒருத்தியை ஊர் இன்னமும் சைக்கோ என்றே சொல்கிறது. அவளுக்காக வாதாட வந்தவளையும் ஊர் அதே கண்ணால் பார்க்கிறது.

முதல் பாதியில் இந்த அமைப்பு அருமையாக வேலை செய்கிறது. பனிமூட்டத்துக்குள் இருக்கும் ஒரு மலையூர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடம், அங்கே வெளியூரிலிருந்து வந்து தங்கிய ஒருத்தி. அவளைப் பற்றி ஊர் ஒரு கதை கட்டிவிட்டால் அதை மறுக்க யாரும் வரமாட்டார்கள். மலைப்பகுதியில் வாழ்பவர்களுக்கு இந்த நிலை தெரியும். பார்வையாளரும் ஜோதியைச் சந்தேகத்தோடுதான் பார்க்கத் தொடங்குகிறார். ஆனால் இரண்டாம் பாதியில் படம் தன் கையில் கிடைத்த கடினமான கேள்வியைக் கைவிட்டுவிடுகிறது. ஜோதி குற்றமற்றவள், அதற்கும் மேலே தாய்மையே உருவானவள். வெண்பா உண்மையில் அவளுடைய மகள். இப்போது ஜோதியை விரும்பாமல் இருக்கவே முடியாது. வெறுப்பு தவறு என்று படம் சொல்வது, வெறுக்கப்பட்டவள் தெய்வமாக இருந்ததால்தான். அவள் தெய்வமாக இல்லாமல், கோபக்காரியாக, ஊரோடு ஒட்டாதவளாக, குழந்தைகளைச் சிடுசிடுத்தவளாக இருந்து, கொலையை மட்டும் செய்யாதவளாக இருந்திருந்தால்? அப்போதும் அவள் நீதிக்கு உரியவளே. அந்தப் படம் இதைவிடக் கடினமாகவும் இதைவிட நல்லதாகவும் இருந்திருக்கும். சிறுமிகள் மீதான வன்முறையைப் பொதுவெளியில் பேச வைத்த பெருமை பொன்மகள் வந்தாளுக்கு உண்டு. அதைக் குறைத்து மதிப்பிட இங்கே நோக்கமில்லை.

இந்தத் தயக்கம் ஒரு படத்தோடு நிற்கவில்லை. 2019-ல் வந்த நேர்கொண்ட பார்வையில் குடித்தார்கள், சிரித்துப் பேசினார்கள், இரவில் வெளியே போனார்கள் என்பதெல்லாம் மூன்று பெண்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் அடுக்கப்படுகின்றன. கேள்வி சரியானது. ஆனால் அந்தப் பெண்களுக்காகப் பேசும் குரல் அஜித்குமாரின் குரல். அவர் பக்கத்தில் நிற்பதால் அவர்களை விரும்புவது பார்வையாளருக்கு எளிதாகிவிடுகிறது. 1984-ல் வந்து, வசனம் ஒலிநாடாவாகத் தெருவெல்லாம் ஒலித்த விதி படத்தில் சுஜாதா ஏற்ற வழக்கறிஞர் பாத்திரம் கூர்மையானது, கோபம் நிறைந்தது. அந்தக் கோபத்துக்கும் அவளுடைய கடந்தகாலக் காயம் காரணமாகச் சொல்லப்பட்டபிறகே முழு அனுமதி கிடைக்கிறது. தமிழ்ப் படத்தில் கடுமையான பெண்ணுக்குக் கடுமையாக இருக்கக் காரணச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆணிடம் அதை யாரும் கேட்பதில்லை.

பெண் வழக்கறிஞரின் நிலை இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே இந்தியாவில் பெண்கள் வழக்கறிஞராகத் தடையின்றிப் பதிவு செய்ய முடிந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2023-ல், உதகையின் நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்கு உரிய கழிப்பறை வசதி இல்லை என்ற முறையீடு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. உச்ச நீதிமன்றம் அறிக்கை கேட்டது. இவ்வளவு அடிப்படையான ஒன்றுக்காக மனுப் போட்டுக்கொண்டே இருப்பவரை எந்த அலுவலகத்திலும் தொல்லை பிடித்தவர் என்றுதான் சொல்வார்கள். கதையில் வரும் பிடிக்காத பெண் வழக்கறிஞர் பல நேரம் இப்படிப்பட்டவரே. கேட்ட கேள்வியை மறுபடி கேட்பார், சமாதானத்துக்கு இறங்கமாட்டார், நன்றி சொல்லவும் மறந்துவிடுவார். கதாசிரியர் அவருடைய தொல்லையின் விலையை உள்ளேயிருந்து காட்டினால் அவர் உயிருள்ள பாத்திரமாகிறார். வெளியே நின்று முகம் சுளித்தால் கேலிச்சித்திரமாகிறார்.

பிடிக்காத பெண்களைத் தமிழ் இரசிகர் சுவைக்கத் தெரியாதவர் அல்லர். 1999-ல் வந்த படையப்பாவின் நீலாம்பரியை இன்றும் கதாநாயகியைவிட அதிகம் நினைவுகூர்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களில் வில்லிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் கதையின் ஓரத்தில் நிற்பவர்கள். தோற்பதற்காகவே படைக்கப்பட்டவர்கள். ஓரத்தில் நிற்கும் வில்லியை வெறுப்பது பொழுதுபோக்கு. அவளை நடுவில் நிறுத்தி, அவள் கண்ணால் பார்க்க வைத்து, அவளுக்காக வழக்காடவும் வைத்தால்தான் இங்கே பேசும் சுவை பிறக்கும்.

அதற்குக் கைத்திறன் வேண்டும். பெண்ணைப் பிடிக்காமலும் வாசகரைப் பிடித்து வைத்தும் எழுதுவதற்குப் பெரும்பாலும் உதவுவது அவளுடைய தொழில்திறன்தான். ஒரு காரியத்தை மிக நன்றாகச் செய்பவரை மனம் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். குறுக்கு விசாரணையில் ஒரு பொய்யை மூன்றே கேள்விகளில் அவிழ்க்கும் வழக்கறிஞரின் குணம் எவ்வளவு கசந்தாலும் அவர் அடுத்த கேள்வியைக் கேட்க வாசகர் காத்திருப்பார். அவளைவிட மோசமானவர்கள் எதிரே நின்றால் அதுவும் உதவும், ஆனால் அது மலிவான வழி. சிறந்த வழி, அவள் எதை மட்டும் ஒருபோதும் செய்யமாட்டாள் என்பதை ஓரிடத்தில் காட்டிவிடுவது. எல்லாப் பொய்யும் சொல்பவள் ஒரு பொய்யை மட்டும் சொல்ல மறுக்கும் இடத்தில் வாசகர் அவளிடம் சிக்கிக்கொள்கிறார். செய்யக் கூடாதது, கடைசியில் அவளை நல்லவளாக்கிச் சமாதானம் செய்வது.

இந்தத் திறன் முழுமையாகக் கூடிவந்த அண்மைக்கால எடுத்துக்காட்டு ஜூஸ்தின் த்ரியே இயக்கி 2023-ல் கான் விழாவின் தங்கப் பனை விருது பெற்ற பிரெஞ்சுப் படம். அதுவும் ஒரு மலை வீட்டில் நடக்கும் கதைதான். ஜெர்மானிய எழுத்தாளர் சாண்ட்ரா, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் கணவனோடும் பார்வை குறைந்த மகனோடும் வாழ்கிறாள். கணவன் மேல்மாடியிலிருந்து விழுந்து பனியில் இறந்து கிடக்கிறான். தள்ளினாளா, தவறி விழுந்தானா, தற்கொலையா? நீதிமன்றத்தில் அவள் எழுதிய நாவலின் பகுதியைக்கூட அரசுத் தரப்பு அவளுக்கு எதிராகப் படிக்கிறது.

விசாரணையின் உச்சம் ஓர் ஒலிப்பதிவு. இறப்பதற்கு முந்தைய நாள் கணவன் மனைவிக்கு நடந்த சண்டையைக் கணவன் இரகசியமாகப் பதிவு செய்திருக்கிறான். அது ஒலிக்கத் தொடங்கியதும் திரை பழைய காட்சிக்குப் போகிறது. சமையலறை, இருவர், மெல்ல ஏறும் குரல்கள். சாண்ட்ரா தெளிவாகவும் இரக்கமில்லாமலும் பேசுகிறாள். அவள் சொல்வதில் பெரும்பகுதி நியாயம், அந்த நியாயமே அவளை விரும்ப முடியாதவளாக்குகிறது. குரல் கைகலப்பாக மாறும் அந்த நொடியில் காட்சி அறுந்து, திரை நீதிமன்றத்துக்குத் திரும்பிவிடுகிறது. அடிக்கும் சத்தமும் உடையும் சத்தமும் மட்டும் கேட்கின்றன. யார் யாரை அடித்தார்கள் என்று பார்க்க முடியாது. பார்வையாளர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலவே காதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அவரவர் மனம் எதைப் பார்த்ததோ அது அவரவர் சாண்ட்ராவைப் பற்றி முன்பே வைத்திருந்த எண்ணம். நீதிமன்றம் அவளை விடுவிக்கிறது. அவள் செய்தாளா என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை.

இந்த வகைக் கதைக்கு முடிவு என்பது தனிச் சிக்கல். கிறிஸ்டியின் 1925-ஆம் ஆண்டுச் சிறுகதை கொலைகாரன் விடுதலையாகிவிட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது. நாடகமாக்கியபோது அவரே அதை மாற்றினார். விடுதலையான வோல் அவளை ஏமாற்றிவிட்டு வேறொரு பெண்ணோடு கிளம்ப, அவள் நீதிமன்றத்திலேயே அவனைக் குத்திக் கொல்கிறாள். மேடை இரசிகர்களைக் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. நாடக முடிவு விறுவிறுப்பானது, சிறுகதை முடிவு ஆழமானது. முன்னது அவள் செய்ததற்குப் பலன் கொடுத்து முடிக்கிறது. பின்னதில் அவள் செய்தது அப்படியே நிற்கிறது, அதை என்ன செய்வது என்று வாசகர்தான் யோசிக்க வேண்டும்.

இத்தகைய கதையின் மறுவாசிப்பு முதல் வாசிப்பைவிடச் சுவையானது. மர்மம் தெரிந்த பிறகு மறுபடி எடுத்தால், வோலின் வழக்கறிஞர் ரோமெய்னைப் பார்க்க முதன்முதலாக அவள் வீட்டுக்குப் போகும் காட்சி வேறாகத் தெரிகிறது. முதல் முறை படித்தபோது அந்த வீட்டில் இருந்தது வெறுப்பு நிறைந்த ஒரு பெண். இரண்டாம் முறை படிக்கும்போது, வந்திருப்பவர் தன்னை எவ்வளவு வெறுக்கிறார் என்று ஒவ்வொரு பதிலிலும் அளந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி அங்கே இருக்கிறாள்.